என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை

என்னை மாப்பிள்ளையாகப் பார்க்க இதுவரை இரண்டு குடும்பங்கள் வந்திருக்கின்றன. முதலில் வந்தது சுமதியின் குடும்பம். பார்த்தார்கள், பிடித்திருந்தது, கல்யாணமும் நடந்தது. இரண்டாவது குடும்பம் வந்தபோது அதே சுமதி அடுக்களையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

இதில் என் குற்றம் ஏதுமில்லை என்று நான் பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். கேட்பவர்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு, "சரி, அப்புறம் இன்னா ஆச்சு?" என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் எனக்கு முகநூல் வியாதி முற்றியிருந்தது. பல வருடம் தேர்வு எழுதி, கல்யாணத்துக்கும் பிறகுதான் எனக்கு அரசு வேலை கிடைத்தது. விழுப்புரத்தில் அலுவலகம், திண்டிவனத்தில் வீடு. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ள எனக்கு வீட்டில் இடம் போதவில்லை. பணி நியமன ஆணையை அப்படியே படம் எடுத்துப் போட்டேன். அடையாள அட்டையை முன்பக்கமும் பின்பக்கமும் போட்டேன் (பின்பக்கத்தில் இரத்த வகை இருக்கிறது, யாருக்காவது உதவும் என்று). ஆதாரில் முகவரி மாறிய அன்று, "கடைசியில் மாற்றிவிட்டேன் நண்பர்களே!" என்று ஆதாரையே போட்டேன். புது வீட்டுக்குக் குடிபோனபோது அழைப்பிதழைப் போட்டேன். அதில் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் வாசல்படி வரைக்கும் வழி வரைந்திருந்தது.

"பீரோ சாவி எங்க வச்சிக்கிறோம்னு மட்டும்தான் இன்னும் போடல. அதையும் போட்டுடுங்க," என்றாள் சுமதி.

அவளுக்கு இந்த நவீன உலகம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பதிவுகளுக்கு விழுந்த விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டே தூங்கிய மனிதன் நான். என்னிடம் நியாயம் பேச முடியாது.

கடைசியாகப் போட்டது, "மாடி போர்ஷன் வாடகைக்கு, நேரில் வந்து பார்க்கவும்" என்ற விளம்பரம். கூடவே வீட்டின் படம், கைபேசி எண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தலை முழுக்க, மீசையிலும், (கொஞ்சம் கை தவறி) இடது காதிலும் கறுப்பு. கிழிந்த பனியன், மடித்துக் கட்டிய லுங்கி. அரை மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. அப்போதுதான் வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது.

வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் இறங்கினார். அவருடன் பட்டுப் புடவையில் அவர் மனைவி. அந்த அம்மாவின் கையில் ஒரு பை நிறைய மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). காருக்குள் இன்னும் யாரோ இருப்பது தெரிந்தது. வாடகைக்கு வீடு பார்க்க இவ்வளவு நன்றாக உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்களே, நல்ல குடும்பம்தான் என்று முடிவு செய்தேன்.

"வணக்கம்ங்க. எம்பேரு ஏழுமலை. மேல்சித்தாமூர் பக்கத்துல இருந்து வர்றோம்," என்றார் பெரியவர். "வீட்ட ஒரு தபா பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தோம். சொல்லாம வந்துட்டோம்னு தப்பா நெனைக்காதீங்க."

"இதுல இன்னாங்க தப்பு? பாக்கறதுக்குத்தானே போட்டுக்கிறேன். உள்ள வாங்க."

அவர் உள்ளே வரவில்லை. என் பெயரைச் சொல்லி, "நீங்கதானே அவரு?" என்று கேட்டார்.

"நானேதான்."

ஏழுமலை தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார்.

"போட்டோல கொஞ்சம் வயசு கம்மியாத் தெரிஞ்சிது," என்றார் தயங்கியபடி.

நான் போட்டிருந்தது வீட்டின் படம். "போட்டோல அப்பிடித்தாங்க தெரியும். பெயின்ட் அடிச்ச புதுசுல எடுத்தது. நேர்ல பாக்கசொல்ல கொஞ்சம் பழசுதான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு ரிப்பேரும் கெடையாது. நான் கேரண்டி."

"உள்ள நல்லா இருந்தா போதும்ங்க," என்று பெருமூச்சு விட்டார் ஏழுமலை. செருப்பைக் கழற்றினார்.

நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மின்விசிறியைப் போட்டேன். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்கக் கூடாது. தண்ணி எப்பிடிங்க?"

வாடகைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தானே. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தண்ணி விஷயத்துல நம்ம வீட்டுல பஞ்சமே கெடையாதுங்க. காலைல, சாயங்காலம், எப்ப வேணும்னாலும். தெருவுல மத்தவங்களே நம்ம கிட்டதான் வந்து வாங்கினு போவாங்க."

அந்த அம்மா மல்லாட்டைப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஏழுமலையின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் மனம் விட்டுப் பேசும் ஆளாக இருக்கிறானே என்று தேற்றிக்கொண்டதாகப் பின்னால் சொன்னார்.

"நீங்க மொத்தம் எத்தினி பேருங்க வருவீங்க?" என்று இப்போது நான் கேட்டேன்.

"எங்க பக்கம் ஒரு அம்பது பேரு வருவோம்."

"அம்பது பேரா! மாடி தாங்காதுங்களே!"

"மாடி எதுக்குங்க? அதான் மண்டபம் புடிச்சாச்சே?"

எனக்கு லேசாகத் தலை சுற்றியது. சாயத்தின் நெடி என்று நினைத்தேன். பேச்சை எனக்குத் தெரிந்த இடத்துக்குக் கொண்டுவரலாம் என்று, "எப்பிடி இருந்தாலும் அட்வான்ஸ் மட்டும் முன்னாடியே வந்துடணும்ங்க," என்றேன்.

"இன்னா மாப்ள இப்பிடி கேக்கறீங்க? நேத்துதானே நீங்க சொன்ன அக்கவுண்டுல போட்டு விட்டேன்?"

எங்கள் பக்கம் அறிமுகமில்லாத ஆளைக்கூட 'மாப்ள' என்பார்கள், ஆகையால் அது என்னை உறுத்தவில்லை. நேற்று நான் எந்தக் கணக்கு எண்ணையும் யாருக்கும் சொல்லவில்லை என்பதுதான் உறுத்தியது. அதைக் கேட்க வாயைத் திறந்தபோது சுமதி காப்பித் தட்டுடன் வந்தாள்.

ஏழுமலையின் மனைவி அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார். "இவங்கதான் கூடவே இருக்கிற அக்காங்களா?"

சுமதி என்னைவிட ஐந்து வயது சின்னவள். தட்டை முக்காலியின் மேல் வைத்தாள்.

"நான் இவரு பொண்டாட்டி."



ஏழுமலை எழுந்தார். "பொண்டாட்டியா? கல்யாணமே ஆவல, ஒரே ஒரு அக்கா, அவங்ககூட இருக்கிறேன்னு சொல்லித்தானே எம்பொண்ணுகிட்ட ஒரு மாசமா பேசிக்கினு இருந்தீங்க? நிச்சயத்துக்கு மண்டபம் பாக்கணும்னு பணம் வாங்குனீங்களே!"

சுமதி என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவள் பலமுறை என்னைக் கோபமாகப் பார்த்திருக்கிறாள். இது கோபம் அல்ல. என்னை முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இதை எழுதும்போதுகூட அந்தப் பார்வை எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை.

"சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன். சாயம் வழிந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில் சத்தியம் செய்தால் நீதிபதிகூட நம்பமாட்டார்.

சத்தம் கேட்டுக் காரிலிருந்து அவர்கள் மகள் இறங்கி வந்தாள். மலர் என்று பெயர். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண். வாசல்படியில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவருதான்ப்பா," என்றாள். பிறகு, "ஆனா இவரு இல்ல," என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"மூஞ்சி இவருதுதான். குரலு வேற. அவரு பேச்சுல நம்மூரு வாடையே இருக்காது. திண்டிவனத்துக்காரரு எப்பிடி இந்த மாதிரி பேசறாருன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு இது. வீடியோல வாங்கன்னா கேமரா ரிப்பேரும்பாரு. அதுக்குத்தான் சொல்லாம கொள்ளாம வந்து பாக்கலாம்னு நான்தான் அப்பாவ இட்டுக்கினு வந்தேன்." என்னிடம் திரும்பினாள். "நேத்து ராத்திரி பத்து மணி வரிக்கும் என்கிட்ட பேசினது நீங்க இல்லியா?"

நான் சுமதியைப் பார்த்தேன். சுமதி யோசித்தாள்.

"இவரா? இவரு எட்டரைக்கே படுத்துட்டாரு. கொறட்ட தாங்காம நான்தான் கூடத்துல வந்து படுத்தேன்."

என் குறட்டை எனக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

மலர் தன் கைபேசியை நீட்டினாள். திருமணத் தகவல் தளம் ஒன்றில் என் பெயர், என் அலுவலகம், என் பதவி, என் வீடு. வயது மட்டும் இருபத்தெட்டு. பொழுதுபோக்கு: சமையல், தோட்டம், கர்னாடக சங்கீதம். (எனக்குத் தெரிந்த ஒரே சமையல் வெந்நீர்.) அடையாள அட்டை வேண்டுமா, பணி நியமன ஆணை வேண்டுமா, எல்லாம் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தன. நான் என்னைப் பற்றி இவ்வளவு சீராக ஒரு கோப்பு வைத்துக்கொண்டதே கிடையாது.

சுமதி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். ஓரத்துக்கு நகர்த்தினாள். என் தோள்மேல் ஒரு கை இருந்தது. கை மட்டும்தான். ஆள் இல்லை. நான்கு வளையல், மருதாணி.

"இது என் கை," என்றாள்.

உள்ளே போய்க் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து விரித்தாள். அதே படம். முகநூலில் எங்கள் திருமண நாளுக்காக நான் போட்டது. மாலையும் கழுத்துமாக நான், என் தோளில் கை வைத்துக்கொண்டு சுமதி. அந்தத் திருடன் மாலையை ஏதோ செய்து அழித்திருந்தான். சுமதியை வெட்டி எறிந்திருந்தான். கையை மட்டும் அவனால் எடுக்க முடியவில்லை.

நான்கு பேரும் ஆல்பத்தையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. சுமதிக்குக் கோபம் வந்தது, ஆனால் இப்போது என் மேல் அல்ல.

"என்ன வெட்டறதுக்கு அவன் யாரு?" என்றாள்.

மலர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "பணம் மட்டும் இல்லக்கா. ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கணும்னாரு. என் ஆதாரு, பான் கார்டு, கையெழுத்து, எல்லாத்தையும் அனுப்பிட்டேன். நான் படிச்ச பொண்ணுக்கா. எனக்கே இப்பிடி ஆயிடுச்சி."

என் முகம்தான் அவளை ஒரு மாதம் ஏமாற்றியிருக்கிறது. சுமதி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ இவரும் படிச்சவருதான்," என்று என்னைக் காட்டினாள். "ஊருக்கே ஆதாரக் காட்டினவரு. நீ ஒருத்தன் கிட்டதான் காட்டிக்கிற. எந்திரி, அழுதுக்கினு உக்காந்தா வேலைக்கு ஆவாது. மொதல்ல பேங்குக்குப் போன் போடு."

மலர் வங்கியைக் கூப்பிட்டாள். ஏழுமலையின் கைபேசியிலிருந்து இணையக் குற்ற உதவி எண்ணுக்குச் சுமதியே பேசினாள். மலரின் ஆதாரை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதாம். அதையும் மலர் உட்கார்ந்த இடத்திலேயே செய்து முடித்தாள். நான் இதற்கிடையில் உருப்படியாகச் செய்தது, ஆறிப்போன காப்பியைக் குடித்தது.

"ஜல்தியா கெளம்புங்க, விழுப்புரம் போயி கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்துடலாம்," என்றாள் சுமதி.

"தல?" என்றேன்.

"தல எங்கயும் போவாது. வண்டில ஏறுங்க."

ஆக, சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு, சாயம் காய்ந்து மொறமொறத்த தலையோடு, என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த காரிலேயே நான் விழுப்புரம் போனேன். முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள். மரியாதைக்காக அல்ல, சீட் உறையில் கறை ஆகிவிடும், பின்னால் சாயாமல் தன் பார்வையிலேயே வர வேண்டும் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் பக்கத்து வண்டிக்காரர் என்னையே உற்றுப் பார்த்தார். நான் நேராகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இணையக் குற்றப் பிரிவில் ஒரு பெண் உதவி ஆய்வாளர் இருந்தார். பொறுமையாகக் கேட்டார். மலரின் கைபேசியிலிருந்த படத்தையும் எதிரே இருந்த என்னையும் பார்த்தார்.

"இதுல யாரு சார் ஒரிஜினலு?"

"நான்தான் மேடம்."

"ஐடி இருக்குதா?"

அவசரத்தில் பர்ஸை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு கணம் விழித்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. "மேடம், முகநூல்ல இருக்குது."

அவர் தன் கணினியில் என் பக்கத்தைத் திறந்தார். என் நண்பராக இல்லாத அவருக்கும் அது தாராளமாகத் திறந்தது. கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். நியமன ஆணை. அடையாள அட்டை. ஆதார். பிறந்தநாள் கேக், அதன்மேல் வயது. வண்டியின் பதிவுச் சான்று. அம்மாவின் பெயரோடு அவருக்கு ஓர் அன்னையர் தின வாழ்த்து. வீட்டுக்கு வழி. அறையில் இருந்த காவலர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் பின்னால் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

"சார்," என்றார் கடைசியில். "உங்ககிட்ட எவனும் திருடல சார். நீங்க பந்தி போட்டு வச்சிருக்கீங்க. அவன் வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்கான்."



"இதெல்லாம் இன்னைக்கே எடுத்துடணும். பாஸ்வேர்டாவது ஒழுங்கா வச்சிருக்கீங்களா?"

என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைத்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அதெல்லாம் ரொம்ப ஸ்ட்ராங்கு மேடம். சுமதி, எஸ் மட்டும் பெருசு, அப்புறம்…"

"சொல்லாதீங்க!" என்று அறையே கத்தியது. ஏழுமலை குரல்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது.

புகார் எழுதி, கையெழுத்துப் போட்டு வெளியே வந்தோம். உடனே தகவல் சொன்னதால் ஏழுமலையின் பணம் அந்தக் கணக்கைவிட்டு வெளியே போகாமல் நிறுத்திவைக்கப்பட்டது. மல்லாட்டை விற்ற பணம். கொஞ்ச காலம் அலைந்த பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது. அந்தத் தளத்திலிருந்து என் இன்னொரு பிறவியை நீக்கினார்கள். அவன் யார், எந்த ஊர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கர்னாடக சங்கீதத்தில் ஆர்வம் உள்ளவன் என்பது மட்டும் தெரியும்.

அதே காரில் திரும்பினோம். மயிலம் தாண்டிய பிறகு, நடு இருக்கையில் இருந்த ஏழுமலை மெல்லச் சொன்னார்.

"பணம் போனாக்கூடப் போவுதும்மா. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கவர்மென்ட் மாப்பிள்ள, திண்டிவனத்துல சொந்த வீடுன்னு. இப்ப போயி இன்னான்னு சொல்லுவேன்? எவனோ ஒருத்தன் கிட்ட ஏமாந்துட்டோம்னா பொண்ணத்தானே பேசுவாங்க?"

மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசி இருக்கையில் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த சுமதி முன்னால் சாய்ந்தாள்.

"பொய்யே சொல்ல வேணாம்ங்க," என்றாள். "போய்ப் பாத்தோம். போட்டோல இருந்ததவிட வயசு அதிகம். தலைக்கு டை அடிச்சிக்கினு கிழிஞ்ச பனியனோட உக்காந்துக்கினு இருந்தாரு. தண்ணி எப்பிடின்னு கேட்டா, காலைல சாயங்காலம் எப்ப வேணும்னாலும்னு சொன்னாரு. எங்க பொண்ணு வேணாம்னு சொல்லிட்டுது. இதையே சொல்லுங்க. இதுல ஏதாவது பொய்யி இருக்குதா?"

(அடுக்களையிலிருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.)

"சுமதி, என் மானம்…" என்று ஆரம்பித்தேன்.

"அது எப்பிடியும் நெட்டுலதானே இருக்குது," என்றாள்.

மலர்தான் முதலில் சிரித்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத மாதிரி ஆரம்பித்து, அப்புறம் நிறுத்த முடியாமல் சிரித்தாள். அவள் அம்மா சிரித்தார். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். கடைசியாக ஏழுமலை முன்னால் எட்டி என்னைப் பார்த்து, "கோச்சிக்காதீங்க தம்பி," என்று சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். காலையில் மாப்பிள்ளையாக இருந்தவன், அந்த இடத்தில் தம்பி ஆனேன். எங்கள் வாசலில் நாங்கள் இறங்கும்போது மலர், "வர்றேண்ணா," என்றாள். மல்லாட்டைப் பையை எங்கள் வீட்டிலேயே விட்டுப்போனார்கள். என் காதில் ஒட்டிய கறுப்பு அடுத்த மாதம் வரைக்கும் போகவில்லை.

ஊரில் ஏழுமலை அப்படியே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு மரியாதை கூடிவிட்டதாம். அரசு மாப்பிள்ளையையே வேண்டாம் என்று சொன்ன பெண் அல்லவா.

மலருக்கு மறு வருடம் கல்யாணம் நிச்சயமானது. கூட வேலை பார்க்கும் பையன், அவளே பார்த்துத் தேர்ந்தெடுத்தவன். ஏழுமலையும் அவர் மனைவியும் தட்டோடு வீட்டுக்கு வந்து எங்களை அழைத்தார்கள். முகூர்த்தத்துக்குப் போனோம். மேடையில் மலர் எங்களைத் தன் கணவனுக்கு அறிமுகம் செய்தாள். "இதாங்க நான் சொன்ன அண்ணன், அண்ணி." அந்தப் பையன் என் தலையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு கை கொடுத்தான்.

பந்தியில் எங்களுக்கு எதிரே அந்த ஊர் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏழுமலைக்குச் சொந்தமாம். என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அப்பளத்தை நொறுக்கியபடி சுமதியை நிதானமாகப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான நிம்மதி தெரிந்தது.

"நம்ம பொண்ணு வேணாம்னு சொன்னப்ப, பாவம், இந்தப் புள்ள இன்னா பண்ணுமோன்னு நெனச்சேன்," என்றார் என்னிடம். "பரவால்ல தம்பி. உனக்கும் ஒரு பொண்ணு கெடச்சிடுச்சே."

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். சுமதி என் தொடையில் கிள்ளினாள்.

"ஆமாம்மா," என்றாள் அந்த அம்மாவிடம், மிகவும் அடக்கமாக. "யாருமே குடுக்கல. நான்தான் பாவம்னு கட்டிக்கினேன்."

எங்கள் திருமண நாள் வரும்போதெல்லாம், சுமதியின் தம்பி முதல் பிற்பாடு பிறந்த எங்கள் மகள் வரை யாராவது ஒருவர் அந்த 'பாவம்னு கட்டிக்கினேன்' பேச்சைச் சொல்லிச் சிரிக்காமல் விடுவதில்லை. நான் இப்போது திருமண நாளை முகநூலில் போடுவதில்லை என்பதால், அந்தக் கேலி வீட்டோடு போகிறது.